பாப்பா நாற்காலி

என் தங்கையின் சோற்றை ஐந்து வாரங்கள் திருடித் தின்றேன். எனக்கு அப்போது ஒன்பது வயது, அவளுக்கு ஒன்றேகால். எழுபது தாண்டிய பிறகு இதை எழுதுகிறேன். இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை.

மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. அம்மா மறுபடி உண்டாகியிருந்ததால் கிள்ளானிலிருந்து அத்தையை வரவழைத்திருந்தார்கள். அத்தை அப்பாவுக்கு மூத்தவள். துறைமுகத்தில் வேலை பார்த்த அவள் கணவர் காய்ச்சலில் போய்விட்டார், பிள்ளை இல்லை. எங்கள் வீட்டை விட்டால் இந்த நாட்டில் அவளுக்கு வேறு இடம் இல்லை.

அவள் பாப்பாவுக்குச் சோறு ஊட்டும் விதம் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்டவாள வேலி வரை போவாள். கூட்ஸ் வண்டி வந்தால் பெட்டிக்கு ஒரு வாய். வண்டி நீளமாக இருந்தால் கிண்ணம் காலியாகும். குட்டையாக இருந்தால் பாதி மிஞ்சும்.

"வண்டி வந்தாத்தான் சோறுன்னா, வண்டி லேட்டானா புள்ள பட்டினியா?" என்றார் அப்பா. துரை வீட்டுக் குழந்தை உயரமான நாற்காலியில் உட்கார்ந்து நேரத்துக்குச் சாப்பிடுவதை அவர் பார்த்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு சீனத் தச்சர் கடைக்குப் போனார். அங்கே மூன்று நாற்காலிகள் இருந்தன. ஒன்றுக்குச் சக்கரமும், குழந்தை உருட்டி விளையாட வண்ண மணி கோத்த கம்பியும். ஒன்று மடக்கி இறக்கினால் தள்ளுவண்டியாகிவிடும். மூன்றாவதில் ஒன்றும் கிடையாது. அகல விரிந்த நான்கு கால்கள், பாதம் வைக்க ஒரு கட்டை, முன்னால் கிண்ணம் வைக்க ஒரு பலகை, அவ்வளவுதான். எனக்கு மணி வைத்ததன் மேல் ஆசை. அப்பா மடக்கின் இடுக்கில் விரலை வைத்துப் பார்த்தார். மணிகளைத் தடவிவிட்டு, "இதுக்குள்ள சோறு போனா எறும்புதான் சாப்பிடும்" என்றார். மூன்றாவதைப் பிடித்து ஆட்டினார். அது ஆடவில்லை.

"இனி குவாட், கிராணி," என்று தச்சர் மலாயில் சொல்லி, தாமே அதன் மேல் ஏறி நின்று காட்டினார். பலமானது என்று அவர் சொன்னது பொய்யில்லை. பிறகு பிறந்த நால்வரும் அதில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள்.

வீட்டில் பாப்பாவை அதில் உட்கார வைத்ததும் அத்தை சிரித்தாள். "என்ன தம்பி, ஜட்ஜு மாதிரி உசரத்துல உட்கார வச்சிட்டே? இனிமே இவதான் நமக்குத் தீர்ப்பு சொல்லுவா போல." தன் பழைய வெள்ளைச் சேலையில் ஒரு பட்டை கிழித்து, குழந்தை நழுவாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டியதும் அவள்தான்.

சாப்பாட்டு நேரம் மாலை ஐந்து மணி என்று அப்பா வைத்தார். பொதுக் குழாயில் தண்ணீர் வருவதும் அப்போதுதான். அத்தை சோற்றில் பருப்பும் நெய்யும் பாதி முட்டையும் போட்டுக் குழையப் பிசைந்து பலகையில் வைப்பாள். "ரெண்டு குடம் பிடிச்சிட்டு வந்துடறேன். ஊட்டிக்கிட்டிரு, ராசா."

அவள் கையிலிருந்த கிண்ணத்தை யாரும் தொட்டிருக்க முடியாது. பலகையிலிருந்த கிண்ணம் என் வாய்க்கு நேராக இருந்தது. நெய்யும் முட்டையும் எங்கள் வீட்டில் பாப்பாவுக்கு மட்டும். முதல் நாள் விரலில் ஒட்டியதை நக்கினேன். ஒரு வாரத்தில் அவளுக்கு மூன்று வாய், மீதி எனக்கு என்றாகிவிட்டது. அவள் வாயைத் திறந்துகொண்டு என் கையையே பார்ப்பாள். கை என் பக்கம் திரும்பினால் மூடிக்கொள்வாள். அழுதால் குழாயடிக்குக் கேட்கும் என்று இன்னொரு வாய் கொடுப்பேன். பசி என்று சொல்லித் தப்ப வழியில்லை. எனக்கு மூன்று வேளையும் சோறு கிடைத்தது.

சில நாள் கழித்துக் கிண்ணத்தில் சோறு கூடியது. பாதி முட்டை முழு முட்டையானது. கூடியதையும் நானே தின்றேன்.

பாப்பாவின் கை கால் சூம்பத் தொடங்கியது. அடுத்த வீட்டுக்காரி வந்து பார்த்தாள். "நடுவீட்டுல தூக்கி வச்சுப் போறவன் வர்றவனுக்கெல்லாம் காட்டினா கண்ணு படாம என்ன செய்யும்?" அத்தை உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். குழந்தைக்கு ஒரு மைப்பொட்டு, நாற்காலிக் காலுக்கு ஒரு கரிப்பொட்டு. பலனில்லை. மறுபடி வந்தபோது அடுத்த வீட்டுக்காரி குரலைத் தாழ்த்தினாள், ஆனால் அடுப்படிக்குக் கேட்காத அளவுக்குத் தாழ்த்தவில்லை. "வெளிக்கண்ணு சுத்திப் போட்டா போயிரும். வீட்டுக்கண்ணு போகாது. பெத்தவ கண்ணு வேற, பெறாதவ கண்ணு வேற."

அடுப்படியில் அத்தை பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

அப்பாவுக்குக் கண்ணேறில் நம்பிக்கை கிடையாது. அவர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். அவருக்குப் பின்னால் ஆணியில் ரோத்தான் தொங்கியது. அந்தப் பிரம்பின் சூடு எனக்குத் தெரியும்.

"நீதானே பக்கத்துல இருக்க. பாப்பா ஒழுங்கா சாப்பிடறாளா?"

"சாப்பிடறாப்பா. கிண்ணம் காலியாயிடும்."

"அத்தை?"

"தண்ணி தூக்கிட்டு வந்து பாப்பாவையே பார்த்துக்கிட்டு நிப்பாங்க."

அது உண்மைதான். குடத்தை இறக்கியதும் அத்தை காலிக் கிண்ணத்தையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தபடி நிற்பாள். அந்த உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரிந்தேயிருந்தது. அதனால்தான் சொன்னேன்.

மறுநாள் அம்மா, "இனிமே நானே ஊட்டிக்கிறேன், அண்ணி" என்றாள்.

"சரிம்மா," என்றாள் அத்தை.

அம்மா எதிரே முக்காலியில் உட்கார்ந்து ஊட்டினாள். நான் நெருங்க முடியவில்லை. மூன்று வாரத்தில் பாப்பாவின் கன்னம் உப்பியது. எதற்கும் அத்தாட்சி கேட்கும் அப்பாவுக்கு அதைவிட வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை. நாகப்பட்டினம் போகும் கப்பலில் அத்தைக்கு இடம் போட்டார். ஊரில் அவளுக்குக் கணவரின் தம்பி குடும்பம் மட்டும் இருந்தது. அங்கே எப்படி இருந்தாள், எவ்வளவு காலம் இருந்தாள் என்று நான் பிறகும் விசாரித்ததில்லை.

துறைமுகத்துக்குப் போகும் ரயிலில் அவளை ஏற்றிவிட நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். அப்பா தகரப்பெட்டியோடு முன்னால் நடந்தார். அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்து ஓர் அவித்த முட்டையை எடுத்தாள். தோலை உரித்து, காகிதத்தில் மடித்து வைத்திருந்த உப்பைத் தூவி என் கையில் வைத்தாள்.

"இது முழுசும் உனக்குத்தான். இனிமே வேணும்னா கேட்டு வாங்கிச் சாப்பிடு, ராசா."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று நான் யோசிக்கவில்லை. அப்பா திரும்பிப் பார்ப்பதற்குள் தின்று முடித்துவிட வேண்டும் என்பதிலேயே குறியாக இருந்தேன்.