சேகரின் ஷெவெல் இரண்டு அங்குலம் இறங்கியது

ஒரு காரை இரண்டு அங்குலம் கீழே இறக்குவதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆகும் என்பது இந்த செப்டம்பர் வரை எனக்குத் தெரியாது. ஏன் இறக்க வேண்டும் என்பது இன்னும் தெரியாது.

விஷயத்துக்கு வருவதற்கு முன்னால் ஒரு சேதி. இதில் வரும் கணவன் மனைவி இருவரிடமும் அனுமதி வாங்கிவிட்டேன். பெயரை மட்டும் மாற்றச் சொன்னார்கள், மாற்றிவிட்டேன். காரின் பெயரை மாற்றக் கணவர் ஒப்புக்கொள்ளவில்லை.

அமெரிக்காவில் கேட்டி என்ற எங்கள் ஊரில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார்கள் சேகரும் வாசுகியும். சேகர் எண்ணெய்க் குழாய் பதிக்கும் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். வாசுகியும் கோயமுத்தூரில் மெக்கானிக்கல் படித்தவள்தான். இங்கே வந்த பிறகு, எல்லோரையும் போல, சாஃப்ட்வேர் டெஸ்ட்டிங்கில் போய்ச் சேர்ந்தாள்.

இந்த வருட ஆரம்பத்தில் வாசுகிக்கு கலிஃபோர்னியாவில் இருக்கும் சன்னிவேலிலிருந்து ஒரு வேலை வந்தது. நல்ல வேலை. டெஸ்ட்டிங் இல்லை — டிஸ்க் டிரைவுக்குள் இருக்கும் நுணுக்கமான பாகங்களை டிசைன் செய்யும் வேலை. படித்த படிப்புக்கு ஏற்றது. ஆனால் சேகரின் கிரீன் கார்டு அவர் கம்பெனி மூலமாக நகர்ந்துகொண்டிருந்தது. கம்பெனி மாறினால் வரிசையில் மறுபடி கடைசியில் போய் நிற்க வேண்டும். "இப்ப எப்படிப் போக முடியும்?" என்றார் சேகர். வாசுகி சன்னிவேலுக்கு நன்றி சொல்லி மறுத்துவிட்டாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு டிரக் வந்து அவர்கள் வீட்டு வாசலில் ஒரு காரை இறக்கிவிட்டுப் போனது. ஆரஞ்சு நிறம், மேலே இரண்டு கறுப்புப் பட்டை. எழுபதாம் வருடத்து ஷெவெல். 'மஸில் கார்' என்று சொல்வார்களே, அந்த வகை. சாதாரணக் குடும்பக் காரின் உடம்புக்குள் லாரியை இழுக்கிற அளவுக்கு என்ஜினை வைத்து அனுப்பிவிடுவார்கள். சேகர் யாரிடமும் கேட்காமல் வாங்கியிருந்தார்.

"நான் ஒரு வேலையை விட்டேன் அக்கா. அவர் ஒரு காரை வாங்கினார்." இந்தியன் கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டே வாசுகி என்னிடம் சொன்னாள். குரலில் கோபம்கூட இல்லை. வெதர் ரிப்போர்ட் வாசிப்பது மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து அவள் அவரிடம் பேசவில்லை. தோற்கக் கூடாது என்று அவரும் பேசவில்லை.

வீட்டு நிர்வாகம் எப்படி நடந்தது? ஆன்ஸரிங் மெஷின். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து ஆஃபீஸிலிருந்து போன் செய்வார்கள். 'பால் தீர்ந்துபோச்சு.' 'பிளம்பர் வியாழக்கிழமை வரான்.' சாயங்காலம் முதலில் வீட்டுக்கு வருபவர் கேட்டுவிட்டு அழித்துவிடுவார். மாதக் கணக்கில் ஓடியது இந்தக் குடித்தனம். பால் மட்டும் தீராமல் வந்துகொண்டே இருந்தது.

சேகருக்கு அந்தக் காரில் ஒரே ஒரு குறை. "வேட்டியை மடிச்சுக் கட்டின மாதிரி தூக்கிக்கிட்டு நிக்குது அக்கா" என்பார். சக்கரத்துக்கும் அதற்கு மேலே இருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு கை போகிற இடைவெளி. ஸ்ப்ரிங்கை மாற்றிக் குட்டையாகப் போட வேண்டும். சக்கரமும் பெரிதாக, அகலமாகப் போட வேண்டும். புது ஸ்ப்ரிங்குகளும் சக்கரங்களும் அட்டைப்பெட்டிகளில் வந்து கராஜில் அடுக்கியிருந்தன.

செப்டம்பரில் அந்த ஞாயிற்றுக்கிழமை உதவிக்கு வருவதாகச் சொன்ன நண்பர்கள் யாரும் வரவில்லை. யாரோ ஒருவர் வீட்டில் டிஷ் ஆன்டெனா, அதில் கிரிக்கெட். காலையில் சேகரிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, சார் இருக்காரா? ஜாக் பிடிக்க ஒரு கை வேணும்."

என் வீட்டுக்காரருக்கு அப்போது இடுப்புப் பிடிப்பு. குனிந்து செருப்பு மாட்ட முடியாது. ஆனாலும் கூப்பிட்ட மரியாதைக்கு மடக்கு நாற்காலி ஒன்றோடு கிளம்பினார். நான் அந்த நாற்காலியைத் தூக்கப் போனேன் — அதாவது வேடிக்கை பார்க்க.

ஸ்ப்ரிங் மாற்றுவது என்றால் என்ன? நான் பார்த்து விளங்கிக்கொண்டதைச் சொல்கிறேன். முன் சக்கரத்துக்கு உள்பக்கம், காரின் எடையைத் தாங்கிக்கொண்டு, தொடை தடிமனில் ஒரு ஸ்ப்ரிங் அமுங்கி உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கீழே ஒரு இரும்புக் கை. அந்தக் கையை ஜாக்கால் முட்டுக்கொடுத்து, மூட்டைக் கழற்றி, ஜாக்கை மெதுவாக இறக்கினால் ஸ்ப்ரிங் தளர்ந்து வெளியே வரும். மெதுவாக வந்தால் நல்லது. வேகமாக வந்தால்... சேகர் அந்தப் பாதியைச் சொல்லவில்லை.

காரின் மூக்கைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, சுத்தியலால் தட்டி மூட்டையும் விடுவித்தாயிற்று. அப்போது சமையலறைக் கதவு திறந்தது. வாசுகி குப்பைப் பையோடு படியில் நின்றாள். காரைப் பார்த்தாள். ஜாக்கைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, ஸ்ப்ரிங்குக்கு சங்கிலி போட்டிருக்கான்னு கேளுங்க."

சேகர் என் காலடியில்தான் படுத்திருந்தார்.

"சேகர், சங்கிலி போட்டிருக்கா?"

"மெதுவா இறக்கினா சங்கிலி தேவையில்லைன்னு சொல்லுங்க அக்கா."

"வாசுகி, மெதுவா இறக்கினா —"

"கேட்டுது அக்கா. ஜாக்கை யாரு இறக்கப் போறாங்கன்னு கேளுங்க."

எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தோம். அவர் தன் இடுப்பைப் பார்த்துக்கொண்டார்.

வாசுகி குப்பைப் பையை வைத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது பழைய ஸ்வெட்ஷர்ட், முடியைத் தூக்கி முடிந்திருந்தாள். சுவரில் சைக்கிளைக் கட்டி வைத்திருந்த சங்கிலியை அவிழ்த்து என்னிடம் கொடுத்தாள். நான் சேகரிடம் கொடுத்தேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே அதை ஸ்ப்ரிங்கின் சுருளுக்குள் விட்டு, காரின் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினார். வாசுகி போய் ஜாக்கின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"கொஞ்சம் இறக்கச் சொல்லுங்க அக்கா" என்றார் சேகர்.

"கொஞ்சம் இறக்கணுமாம்."

"எவ்வளவுன்னு கேளுங்க."

"எவ்வளவு சேகர்?"

"ஒரு இன்ச்."

"ஒரு இன்ச்சாம்."

மூன்று பேரும் தமிழ்தான் பேசினோம். இருந்தும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வேலை ஓடவில்லை.

ஜாக் இறங்க இறங்க ஸ்ப்ரிங் நீண்டது. பிறகு ஒரு பக்கமாக வளைந்து, வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றுவிட்டது. சேகர் எழுந்து மண்டியிட்டு, நீளமான கடப்பாரை ஒன்றை உள்ளே விட்டு நெம்பினார். அசையவில்லை. எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்க்கத் தலையை உள்ளே நீட்டினார்.

"தலையை எடுங்க."

வாசுகி இதைச் சொன்னது என்னிடம் இல்லை. அவரிடம்.

அவர் திரும்பினார். அதே நொடியில் கராஜே அதிர்ந்தது போல ஒரு சத்தம். ஸ்ப்ரிங் துள்ளி வெளியே வந்து, சங்கிலியின் நீளம் முடிந்த இடத்தில் வெடுக்கென்று நின்று, ஆடிக்கொண்டு தொங்கியது. கடப்பாரை பறந்துபோய் எதிர்ச் சுவரில் ஒரு ஓட்டை போட்டுவிட்டுக் கீழே விழுந்தது. ஒரு விநாடிக்கு முன்னால் அவர் முகம் இருந்த இடம் வழியாகத்தான் ஸ்ப்ரிங் போயிருந்தது.

என் வீட்டுக்காரர் இடுப்பை மறந்து எழுந்து நின்றுவிட்டார்.

"அடிபட்டுதா?" என்றாள் வாசுகி.

"இல்ல."

"கையைக் காட்டுங்க."

காட்டினார். திருப்பிக் காட்டினார். அவள் ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள். பிறகுதான் ஜாக்கின் கைப்பிடியை விட்டுவிட்டு சிமென்ட் தரையில் உட்கார்ந்தாள்.

பிற்பாடு சேகரைக் கேட்டேன், எப்படி அவ்வளவு வேகமாகத் தலையை எடுத்தீர்கள் என்று. "ஆபத்துன்னு தெரிஞ்சு எடுக்கலை அக்கா. அவ பேசறாளேன்னு திரும்பிப் பாத்தேன்" என்றார்.

பாதியில் நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் மூன்று காலில் நிற்கும் காரை அப்படியே விட்டுவிட்டு யாரால் உள்ளே போய்க் காப்பி குடிக்க முடியும்? சேகர் புது ஸ்ப்ரிங்கை எடுத்துக் கொடுத்தார். வாசுகி அதைத் திருப்பிப் பார்த்து, "இந்த முனைதான் கீழ வரணும்" என்றாள். அவர் சரி என்றார்.

அதற்கப்புறம் என் உத்தியோகம் போய்விட்டது. ஏத்து. நிறுத்து. ஸ்பானரைக் கொடு. அது இல்ல, பெரிசு. போதும்... இவ்வளவுதான் பேச்சு. சண்டைக்கும் இடமில்லை, சமாதானத்துக்கும் இடமில்லை. அடுத்த பக்கமும் முடிந்தது. பின்பக்கத்து ஸ்ப்ரிங்குகள் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்டன. நான் வீட்டுக்குப் போய் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வந்தேன். என் வீட்டுக்காரர் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார்.

சாயங்காலம் புதுச் சக்கரங்களை மாட்டிக் காரைத் தரையில் இறக்கினார்கள். எனக்கே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பாயப்போகிற மிருகம் மாதிரிப் பதுங்கியிருந்தது கார். சேகர் உள்ளே ஏறி ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பினார். கர்ரென்று ஒரு சத்தம். டயர் மேல்தகட்டின் விளிம்பில் உரசியது.

"வீலைத் தப்பா அனுப்பிட்டாங்க" என்றார்.

வாசுகி டார்ச்சும் ஸ்கேலுமாகத் தரையில் படுத்தாள். டயரிலிருந்து தகடு வரை அளந்தாள்.

"வீல் சரியாத்தான் இருக்கு. நீங்க அளந்தப்ப ஸ்டீயரிங் நேரா இருந்துச்சா?"

"ஆமா."

"காரைத் திருப்பவே மாட்டோம்னு நினைச்சீங்களா?"

சேகர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. இறங்கி வந்து அவளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன். சில சமயம் தட்டு அடுக்குவது ரொம்ப அவசரமான வேலையாகிவிடுகிறது.

"சன்னிவேல்காரங்க மறுபடி கூப்பிட்டாங்களா?" என்றார்.

"போன வாரம்."

"என்ன சொன்னே?"

"யோசிக்கிறேன்னு சொன்னேன். யோசிக்க ஒண்ணுமில்லை. போறேன்."

அவர் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"கார்டு வர்ற வரைக்கும் நான் இங்கதான் இருந்தாகணும்."

"தெரியும். உங்களை வரச் சொல்லலியே. போன தடவை நாம ரெண்டு பேரும் எப்படிப் போறதுன்னுதான் கேட்டீங்க. நான் மட்டும் போகலாமான்னு ரெண்டு பேருமே கேக்கலை."

என்னிடம் அடுக்குவதற்குத் தட்டு தீர்ந்துபோனது.

"எப்ப சேரணும்?" என்றார் கடைசியில்.

"அடுத்த மாசம் நடுவுல."

"அதுக்குள்ள இந்த விளிம்பை உள்ள மடிச்சுடலாம்."

மடித்தார்கள். அடுத்த சனிக்கிழமை, சேகரின் கிரிக்கெட் மட்டையின் கைப்பிடியை டயருக்கும் தகட்டுக்கும் நடுவில் செருகி, ஒருவர் காரை மெதுவாகத் தள்ள, ஒருவர் மட்டையை அழுத்திப் பிடிக்க, விளிம்பு உள்பக்கமாக மடங்கிவிட்டது. இப்படித்தான் செய்வார்களாம், இங்கத்திய ஆட்கள் பேஸ்பால் மட்டையை வைத்து.

அக்டோபரில் அந்தக் காரிலேயே கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பினார்கள். நான் தடுத்துப் பார்த்தேன். ஏசி கிடையாது. தாழ்ந்து கிடக்கிறது, ஒவ்வொரு ரயில்வே கிராஸிங்கிலும் வயிறு தட்டும். வீட்டில் ஒழுங்கான கார் ஒன்று இருக்கிறதே, அதில் போனால் என்ன?

"இதுல போனா நடுவுல நடுவுல நிறுத்தி வீல் நட்டை முறுக்கணும் அக்கா. ரெண்டு பேரும் இறங்கணும்" என்றாள் வாசுகி. அது புகாரா, காரணமா என்று எனக்குப் புரியவில்லை.

சேகர் மட்டும் விமானத்தில் திரும்பி வந்தார். கார் எங்கே என்று கேட்டேன்.

"அங்கயே விட்டுட்டேன் அக்கா. அரிஸோனா பூரா அவதான் ஓட்டினா. என்னைவிட நல்லா ஓட்டறா."

இப்போது மாதத்துக்கு ஒருமுறை சேகர் சன்னிவேலுக்குப் பறக்கிறார். கார்டு வந்தால் அங்கேயே போய்விடுவாரா? கேட்டால் "பாக்கலாம்" என்கிறார். வாசுகியும் "பாக்கலாம் அக்கா" என்றாள். போன வாரம் போன் செய்தபோது அவளுக்கு இருந்த ஒரே பிரச்சனை, அபார்ட்மென்ட் வளாகத்தின் வேகத்தடைகள். நேராகப் போனால் தட்டுமாம். குறுக்காகத் திருப்பி ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டுமாம். பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடிக்கிறார்களாம். அடிக்கட்டும் என்கிறாள்.

போன சனிக்கிழமை, ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவரும் ஒரு பாட்லக்கில், தட்டில் புளியோதரையோடு ஒரு அம்மாள் என்னை ஓரம் கட்டினார். சேகரும் வாசுகியும் பிரிந்துவிட்டார்களாமே? உட்கார்ந்து மனம் விட்டுப் பேசியிருந்தால் இந்த நிலைமை வந்திருக்குமா?

அவர்கள் பிரிந்தார்களா, சேர்ந்தார்களா என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரே கூரைக்குக் கீழே இருந்ததைவிட இப்போது அதிகம் பேசிக்கொள்கிறார்கள். அதுவரைக்கும் எனக்குத் தெரியும்.

மனம் விட்டுப் பேசுவது நல்லதுதான் — ஆனால் சில வீடுகளில் முதலில் கொஞ்ச நாள் மனதை விட்டுவிட்டு ஜாக், ஸ்பானர் என்று பேச வேண்டியிருக்கிறது.