விட்டுப்போன மடை

முடங்கியாற்றங்கரையில் காலாற நடந்துகொண்டிருந்தேன். புதர் அழிக்க வந்த ஆள் ஒருவர், "வெட்டுலே, வெட்டு" என்று கூவினார். அந்தச் சொல்லைக் கேட்டதும் வந்த வழியே திரும்பி நடந்தேன்.

பல வருஷங்களுக்கு முன்பு, எனக்கு ஒன்பது வயதில் நடந்தது அது. வயலுக்குத் தண்ணீர் பாய மடையை வெட்டிவிடும்படி சித்தப்பாவிடம் சொல்ல அப்பா என்னை அனுப்பினார். அங்கே சித்தப்பா மண்வெட்டியோடு நின்று, பக்கத்து வயல்காரரிடம் தண்ணீருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் வரப்பிலிருந்தே கத்தினேன்.

"சித்தப்பா, அப்பா வெட்டச் சொன்னாவ!"

தன்னைத்தான் வெட்டச் சொல்கிறேன் என்று நினைத்துப் பக்கத்து வயல்காரர் முந்திக்கொண்டார். அவர் கையிலிருந்த அரிவாள் இறங்கியது. சித்தப்பாவின் மூன்று விரல்கள் சேற்றில் கிடந்தன.

ஆஸ்பத்திரியில் அப்பா என்னை அடிக்கக் கை ஓங்கினார். சித்தப்பா தடுத்தார்.

"விடுண்ணே. ஏட்டி, மடைய வெட்டணும்னு சொல்லக் கூடாதா?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதன்பிறகு எந்தச் சொல்லை விட்டுவிடுவேனோ என்ற பயத்தில், பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேள்வி கேட்டாலும் வாய் திறக்கவில்லை. அந்த வருஷமே வீட்டில் என் படிப்பை நிறுத்திவிட்டார்கள்.