நலம் விரும்பியின் நன்கொடை

பூந்தமல்லி வட்டார லேப் டெக்னீஷியன்கள் நலச்சங்கத்தின் ஆண்டுச் சந்தா முந்நூறு ரூபாய். வீடு தேடிப் போய்க் கேட்டால் ஒருவரும் கொடுப்பதில்லை. கரையான்சாவடி மாடி ஹாலில் பொதுக்குழு நடக்கும் அன்று, மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்தால் கொடுப்பார்கள். பொன்னாடை நூற்றைம்பது. பிரியாணி இருநூறு. சங்கத்தில் காசு ஏன் தங்குவதில்லை என்று வருஷா வருஷம் எல்லோரும் உண்மையாகவே ஆச்சரியப்படுவார்கள்.

பொருளாளர் நாகவல்லி காட்டுப்பாக்கத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறவர். சம்பளம் பத்தொன்பதாயிரம். பொறுப்பேற்ற முதல் வருஷம், நாலாயிரம் பற்றாக்குறை என்று மேடையில் வாசித்தார்.

"மீதி துட்டு இன்னா ஆச்சு?" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அந்த அவமானத்தில் நாகவல்லிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து விழுந்த துண்டைத் தன் கைக்காசில் சரிக்கட்டி, வரவுப் பக்கத்தில் 'நலம் விரும்பி நன்கொடை' என்று எழுதினார். ஒன்பது வருஷம் எழுதினார். கணவர் சம்பத்திடம்கூடச் சொல்லவில்லை. கணக்கு நேராக வருவதைப் பார்த்த சங்கம், தெம்பாகி, பிரியாணியோடு சிக்கன் அறுபத்தைந்தும் சேர்த்தது.

இந்த வருஷம் அவருக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்கு இருபத்தைந்தாயிரம் துண்டு விழுந்தது. சங்க விதியில் மருத்துவ உதவி என்று ஒரு வரி உண்டு. வெட்கத்தை விட்டு மனு எழுதினார். செயற்குழு கூடியது. கையிருப்பு எவ்வளவு என்று தலைவர் ஜெயராமன் கேட்க, நாகவல்லியே எழுந்து வாசித்தார். அறுநூற்றுப் பத்து ரூபாய்.

எல்லோரும் வருத்தப்பட்டார்கள். ஜெயராமன்தான் வழி சொன்னார்.

"இன்னாம்மா நீ, வருசா வருசம் ஒருத்தர் குடுத்துகினு கீறாரே, நலம் விரும்பி! சங்கத்துக்கே குடுக்குற மனுசன் உனுக்குக் குடுக்க மாட்டாரா? அவராண்ட கேளு."

சொல்லிவிடலாமா என்று நாகவல்லி ஒரு கணம் நினைத்தார். சொன்னால் ஒன்பது வருஷக் கணக்கும் பொய் என்றாகிவிடும். பயமாக இருந்தது.

"அவருக்கே இப்ப ஒடம்பு சரியில்ல சார்" என்றார்.

செயற்குழு பதறிப்போனது. நன்கொடையாளர் விரைவில் குணமடைந்து, தொடர்ந்து சங்கத்துக்கு உதவ வேண்டும் என்று அங்கேயே தீர்மானம் எழுதினார்கள். ஜெயராமன் முன்மொழிந்தார். அந்த மனிதரைத் தெரிந்தவர் நாகவல்லி ஒருவர்தான் என்பதால், வழிமொழியும் பொறுப்பு அவருக்கு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வழிமொழிந்தார். அழுகையை அடக்க முடியவில்லை.