கூறைப்புடவையில் நடவு

பெங்களூர் ஸ்டுடியோ வேலையை விட்டுவிட்டு, சொந்தமாகப் படம் எடுக்க மாமா பாரூருக்கு வந்தபோது எனக்கு ஐந்து வயதிருக்கும். ஆறாகவும் இருக்கலாம். அம்மாவின் தம்பி அவர். சாவி கொடுத்து ஓட்டும் பழைய கேமரா ஒன்று வைத்திருந்தார். அவர் படத்தில் பாட்டும் கிடையாது, சண்டையும் கிடையாது. ஏரித் தண்ணீரும் எங்கள் வயல் வேலையும்தான். மதகு திறந்ததையும் ஏர் ஓட்டியதையும் எடுத்துவிட்டார். நடவுதான் மிச்சம். கையில் ஒரே பிலிம் சுருள். அதுவும் வீணானால் தன் வெல்ல மண்டியில் வந்து உட்காரச் சொல்லியிருந்தார் அப்பா.

அன்று அம்மாவும் நடவுப் பெண்களும் கூறைப்புடவை கட்டிப் பூ வைத்து வந்தார்கள். போட்டோக் கடையில் நிற்பதுபோல் மூச்சைப் பிடித்துக்கொண்டு சேற்றில் வரிசையாக நின்றார்கள்.

“குனிஞ்சு வேலையப் பாருக்கா!” என்று கெஞ்சினார் மாமா.

“அசைஞ்சா படம் கலங்கிடும்டா. எங்களுக்குத் தெரியாதா?” என்றாள் அம்மா.

“இது ஆடுற படம்க்கா!”

“ஆடறதுக்கு வேற ஆளப் பாரு சாமி,” என்றாள் பக்கத்து வயல்காரி. எல்லாரும் சிரித்தார்கள். கேமரா ஓடியதும் மறுபடி சிலையானார்கள்.

சுருள் தீர்ந்துகொண்டிருந்தது. வரப்பில் நின்று வேடிக்கை பார்த்த நான் பின்னால் நகர்ந்து கால்வாயில் விழுந்தேன். அம்மா பட்டோடு ஓடிவந்து குதித்தாள். என்னைக் கரையேற்றிய பிறகுதான் கேமராச் சத்தம் நின்றது.

“பாவி, புள்ள தண்ணியில கெடக்குது, நீ படம் புடிச்சிக்கினு நிக்கிறியாடா?”

மாமா கேமராவை வரப்பில் வைத்துவிட்டுத் துண்டை நீட்டினார். வேண்டுமென்றே நின்றாரா, விறைத்துப் போய் நின்றாரா? எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அவள் கிணற்றுப் பக்கம் போகும்போதெல்லாம் மாமாமேல் கோபம் வருகிறது. அந்தப் படத்தை நினைத்தால் கோபம் தங்குவதில்லை.

சில வாரம் கழித்து மாமா படத்தைக் கழுவிக்கொண்டு வந்து, பள்ளிக்கூட ஜன்னல்களைக் கம்பளியால் மறைத்துக் காட்டினார். அதுவரை அவரோடு பேசாத அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பெண்கள் சிலையாக நின்றபோது ஒரே சிரிப்பு. பிறகு, ஓடிவரும் அம்மாவின் முகம். சத்தமில்லாத படம். வாய் திறந்து என்னவோ கூப்பிடுகிறாள். சிரிப்பு அடங்கியது. அதன்பின் அப்பா மண்டிப் பேச்சை எடுக்கவில்லை.

வெளியே வந்ததும் அம்மா மாமாவிடம், “அந்த எடத்த மட்டும் வெட்டிராதடா,” என்று சொல்லி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள்.

கூறைப்புடவை பாழானதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். அப்பா வேறு வாங்கித் தருவார் என்று அவளைத் தேற்றினேன்.