எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’

பேனாவின் மண்டையை அமுக்கினால் வரும் ‘டிக் டிக்’ சத்தம்தான் எனக்கு ஐந்தாம் வகுப்பு என்றாலே நினைவுக்கு வருகிறது. கேள்வி முடியுமுன் பதிலைக் கத்துவேன், காரணமில்லாமல் எழுந்து ஜன்னல்வரை போய் வருவேன், வாரத்துக்கொரு டிபன் டப்பாவைத் தொலைப்பேன். ‘டீக் ஸே பைட்டோ’, ஒழுங்காக உட்கார், என்று சொல்லி அலுத்த டீச்சர், டாக்டரின் சீட்டோடு வாருங்கள், இல்லாவிட்டால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

தலைநகரில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில், நாலா என்கிற பெரிய சாக்கடை ஓரத்தில் எங்கள் ஒற்றை அறை. ஜங்புராவில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் ஆஸ்பத்திரி கொடுத்த இந்திப் படிவத்தை, அதாவது என் வண்டவாளத்தை, நானே வாசித்துத் தமிழில் சொன்னேன். உட்கார்ந்த இடத்தில் நெளிகிறாளா? “இல்லன்னு போடு.” பொருளைத் தொலைக்கிறாளா? “இல்ல.” எங்கள் கேம்ப்பில் படிவம் என்றால் ரேஷன் கார்டு, வீட்டுக் கணக்கெடுப்பு, ஒரு கட்டம் பிசகினால் பேரை அடித்துவிடுவார்கள். “ஃபாரத்துல குறைய காட்டக் கூடாதுடி” என்றாள். அந்தப் படிவத்தை முடிப்பதற்குள் நான் எட்டு முறை வெளியே ஓடியது தனிக் கதை.

டாக்டரம்மா எங்கள் படிவத்துக்குப் பக்கத்தில், டீச்சர் நிரப்பிய தாளை வைத்தார். அதில் எல்லாமே ‘அடிக்கடி’. இரண்டு பேரும் ஒரே பெண்ணைப் பற்றித்தான் எழுதினீர்களா என்று இந்தியில் கேட்டவர், வீட்டில் தொந்தரவே இல்லையென்றால் தன்னால் எதுவும் எழுதித் தர முடியாது என்றார். சீட்டு இல்லையென்றால் டி.சி.தான். அந்த நேரம் பார்த்து அவருடைய பேனா என் கையில் ‘டிக் டிக்’கென்றது. அம்மா என்னைப் பார்த்தாள். “ஜூட் போலா, டாக்டர்ஜி,” பொய் சொல்லிட்டேன், என்று அழுதாள். பிறகு அரைமணி நேரம் என் லட்சணம் அத்தனையும் சொன்னாள். அவமானத்தில் நான் பேனாவை இன்னும் வேகமாக அமுக்கினேன்.

ஏ.டி.எச்.டி., கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு, என்றார் டாக்டரம்மா. இது கொழுப்பும் இல்லை, வளர்ப்பின் குறையும் இல்லை என்றார். மாத்திரை, முதல் பெஞ்ச், வீட்டில் பத்து நிமிடம் படிப்பு, எழுந்து போய் ஒரு வாளித் தண்ணீர் பிடித்து வருவது, மறுபடி பத்து நிமிடம். அப்படித்தான் படித்து முடித்தேன்.

இப்போது கேம்ப்பை இடித்துவிட்டார்கள். நாங்கள் ஜனக்புரியில் இருக்கிறோம். போன வாரம் என் எட்டு வயது மகளுக்காக அதே மாதிரிப் படிவம் வந்தது, கைப்பேசியில். அமுக்கப் பேனாகூட இல்லை. முதல் கேள்வியிலேயே என் விரல் தானாக ‘இல்லை’க்குப் போனது. பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

“உள்ளதப் போடுடி.”

‘அடிக்கடி’யைத் தொட்டேன். இரண்டாவது கேள்விக்குள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.