விளம்பரத்தோடு வந்த பாட்டு

வளர்மதிக்குச் சும்மா உட்காரத் தெரியாது. கரூரில் அவள் வீட்டுக்கு வந்துபோகிறவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். டீயைக் கொடுத்துவிட்டு எதிரே உட்காருவாள். அவர்கள் இரண்டு வாய் குடிப்பதற்குள் எழுந்துபோய்க் கொடியில் காயும் துணியைத் திருப்பிப் போட்டுவிட்டு வருவாள். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே கீரையை ஆய்வாள். பையன் கோயம்புத்தூருக்குப் படிக்கப்போன பிறகு செய்வதற்கு வேலை குறைந்தது, கைகளின் பரபரப்பு குறையவில்லை.

அப்படிப்பட்டவளைத்தான் கால்நடை ஆய்வாளராகக் கொல்லிமலைக்கு மாற்றிப் போட்டார்கள். கணவன் நவநீதகிருஷ்ணன் கரூரில் பஸ் பாடி கட்டும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் பொறுப்பில் இருந்தான். அவனால் வர முடியாது. செம்மேட்டில் ஒரு மிளகு வியாபாரியின் கடைக்கு மேலே ஓர் அறை பார்த்து, சனிக்கிழமை தவறாமல் ஊருக்கு வந்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனான்.

பகல் எப்படியோ ஓடியது. ஊர் ஊராகப் போவாள், மாட்டுக்கு ஊசி போடுவாள், ஆட்டுக்குப் பூச்சி மருந்து கொடுப்பாள். சாயங்காலம்தான் வதைத்தது. பனி இறங்கியதும் கடைகள் கதவைச் சாத்தும். அறையைக் கூட்டுவாள், துடைப்பாள், மறுபடி துடைப்பாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துபோய், கீழே போகும் பஸ்ஸில் யார் யார் ஏறுகிறார்கள் என்று பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள். ஒரு சாயங்காலம் இத்தனை நீளம் என்பதை அவள் அதுவரைக்கும் அறிந்ததில்லை.

அவளோடு வேலை பார்த்த உதவியாளர் செல்லமுத்து பேளுக்குறிச்சிக்காரர். தினமும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு மலை ஏறி வருவார். அவள் படும் பாட்டைப் பார்த்துவிட்டு அவர்தான் ஒருநாள் கேட்டார்.

"ஏனுங்க மேடம், பாட்டுக் கேக்கறதில்லீங்களா?"

"எங்கூட்டுக்காரர் கேப்பாருங்க. கூட இருந்தா நானும் கேப்பேன்."

"போனக் குடுங்க, பாட்டு ஆப் ஒண்ணு போட்டுத் தாரேன். காசு கிடையாதுங்க. நடுவுல நடுவுல விளம்பரம் வரும், அதை மட்டும் பொறுத்துக்கோணும்."

அன்று சாயங்காலம் அதைத் திறந்தாள். உங்களுக்குப் பிடித்த பாடகர்கள் மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள் என்று அது கேட்டது. வட்ட வட்டமாக முகங்கள். சில முகங்கள் தெரிந்தன. இவரை மாமனாருக்குப் பிடிக்கும், இவரை வீட்டுக்காரருக்கு, இந்தப் பெண்ணைப் பையனுக்கு. இதில் தனக்கு யார் என்று யோசித்தாள், ஒன்றும் தோன்றவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அண்ணன் வைத்த ரேடியோ, பிறகு நவநீதகிருஷ்ணனின் கேசட்டு, சிடி, கார் ஸ்பீக்கர். சமைக்கையிலும் துவைக்கையிலும் காதில் எதுவோ விழுந்துகொண்டே இருந்தது. தேர்வில் விடை தெரியாத பிள்ளைபோலக் கண்ணில்பட்ட மூன்றை அழுத்தித் தள்ளிவிட்டாள்.

பாட்டு வந்தது. பாதியில் தாண்டினாள். அடுத்ததையும் தாண்டினாள். இப்படியே போய், ஒரு கட்டத்தில் இனித் தாண்ட முடியாது, காத்திருங்கள் என்று சொல்லிவிட்டது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஓடுவதைக் கேட்டுத்தான் தீரவேண்டும். அதற்கு மேலே விளம்பரம். நகைக்கடன், சோப்புத்தூள், விளம்பரம் வேண்டாமென்றால் பணம் கட்டுங்கள் என்று ஒரு விளம்பரம். வளர்மதி போனைக் கட்டிலில் வீசிவிட்டு அடுப்பைத் துடைக்கப் போனாள். துடைத்துவிட்டு வந்து மறுபடி எடுத்தாள்.

போனில் நவநீதகிருஷ்ணனிடம் சொன்னபோது அவன் சிரித்தான்.

"அதுக்கு ஏன் விளம்பரத்தக் கேட்டுட்டு உக்காந்திருக்க? நாந்தான் காசு கட்டி வச்சிருக்கேனே. என்னோடதுலயே வா. நல்ல பாட்டா பொறுக்கிச் சேத்து வச்சிருக்கேன், நீ தேடவே வேண்டாம்."

அவன் அக்கவுண்டில் நுழைந்தாள். அந்தப் பாட்டுகள் எல்லாம் அவளுக்குத் தெரிந்தவை. கரூர் வீட்டின் சமையலறையே செம்மேட்டுக்கு வந்துவிட்டதுபோல இருந்தது. மறுநாள் முட்டைக்கோசு நறுக்கிக்கொண்டே ஒன்றைப் போட்டாள். உடனே போன் வந்தது.

"வளரு, இங்க எனக்குப் பாட்டு பட்டுனு நின்னுபோச்சு. வேற போன்ல ஓடுதுன்னு காட்டுது."

"நான்தாங்க போட்டேன்."

"அட, நீயா! சரி கேளு, கேளு."

கொஞ்ச நேரத்தில் அவளுடையது நின்றது. அவனால் பொறுக்க முடியவில்லை என்று புரிந்துகொண்டு மறுபடி அழுத்தினாள். அங்கே நின்றது. அவன் அழுத்தினான். இங்கே நின்றது. முதல்நாள் இரண்டு பேரும் சிரித்தார்கள். வாரம் முடிவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது.

"பகல்ல எனக்கு ஸ்டோர்ல பாட்டு இல்லாட்டி வேலை ஓடாது வளரு. நீ சாயங்காலமாக் கேளு."

"சாயங்காலம் நீங்க கார்ல போடுறீங்களே."

"ஊடு வந்து சேந்தப்புறம் கேளேன்."

யாரோ துண்டு போட்டு இடம் பிடித்த சீட்டில், அவர் வரும்வரைக்கும் உட்கார்ந்துகொள்கிறேன் என்று கெஞ்சுவதுபோல அவளுக்குத் தோன்றியது. அன்றைக்கே அதிலிருந்து வெளியேறி, பழைய இலவசத்துக்கே திரும்பினாள். அதை அவனிடம் சொல்லவில்லை.

கோமாரி தடுப்பூசி முகாம் தொடங்கியது. தேவனூர் நாடு என்கிற மலைப்பகுதியில் ஒரு மேட்டு ஊருக்குப் போயிருந்தார்கள். அந்த இடத்தில் சிக்னல் நன்றாக இருந்தது. செல்லமுத்து ஐஸ் பெட்டியிலிருந்து மருந்தை எடுத்துக் கொடுக்க, கையுறை மாட்டிய கையோடு வளர்மதி வரிசையாக ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். மேல்கோட்டுப் பையில் போன் தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. தாண்டும் கணக்கு காலையிலேயே தீர்ந்துபோயிருந்தது.

ராக்கம்மாள் என்கிற பெண்ணின் செவலைப் பசு மட்டும் ஊசியைக் கண்டதும் துள்ளியது. இரண்டு ஆட்கள் பிடித்தும் நிற்கவில்லை. அது அடங்கட்டும் என்று வளர்மதி திமிலருகே கையை வைத்தபடி காத்திருந்தாள். அப்போது ஒரு பூச்சிக்கொல்லி விளம்பரம் முடிந்து, ஒரு பாட்டு தொடங்கியது. எந்த மொழி என்று தெரியவில்லை. கரகரத்த குரலில் ஒரு பெண் பாடினாள். பின்னால் மேளம் விடாமல் விரட்டியது. பாடுகிறவள் எங்கேயோ அவசரமாகப் போய்க்கொண்டிருப்பதுபோல, மூச்சு வாங்குவதையும் மறைக்காமல் பாடினாள். வளர்மதியின் உள்ளங்காலிலிருந்து ஏதோ ஏறியது. இத்தனை நாள் அவளுக்குள் கிடந்து தவித்த பரபரப்புக்கு யாரோ தாளம் கட்டிவிட்ட மாதிரி இருந்தது.

"ஏஞ்சாமி, அது எந்தூருப் பாட்டு?" என்றாள் ராக்கம்மாள்.

"தெரியலீங்கம்மா."

"தெரியாமயேவா இப்படித் தலைய ஆட்டுறீங்க?"

செல்லமுத்து வாயைப் பொத்திக்கொண்டார். வளர்மதிக்கு வெட்கமாகிவிட்டது. பசு இந்தப் பேச்சில் அசந்த நேரம் பார்த்து ஊசியைக் குத்திவிட்டாள். கையுறையைக் கழற்றிப் போனை எடுப்பதற்குள் பாட்டு முடிந்து சோப்புத்தூள் வந்துவிட்டது.

சாயங்காலம் போனில் கேட்டு முடிந்த பாட்டுகளின் பட்டியலில் தேடி அந்தப் பாட்டைக் கண்டுபிடித்தாள். ஆனால் இலவசத்தில் கேட்ட நேரத்தில் கேட்ட பாட்டு வராது, கலைத்துப்போட்டு அதுவாகத் தருவதுதான் கிடைக்கும். அதனால் அதற்காகக் காத்திருந்தாள். காத்திருக்க அறை போதவில்லை. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு சோளக்காட்டுப் பக்கம் நடந்தாள். வேறு பாட்டு வந்தால் வேகமாக நடப்பாள், விளம்பரம் வந்தால் இன்னும் வேகமாக. சில நாள் வரும். வந்தால் ரோட்டோரமாக நின்றுவிடுவாள். சில நாள் வராது. வராத நாளில் வேறு ஏதாவது ஒன்று மாட்டும், அதுவும் சில நேரம் நன்றாகத்தான் இருந்தது. மாட்டு டாக்டரம்மா யாரையோ துரத்திக்கொண்டு போகிறாள் என்று கடைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம் இருந்ததால் அவள் ஊருக்குப் போகவில்லை. மலை வளைவுகளுக்குப் பயந்து காரை விட்டுவிட்டு நவநீதகிருஷ்ணன் பஸ்ஸில் மலைக்கு வந்தான். முகாம் முடிந்து வாசலூர்பட்டி ஏரிக்குப் போனார்கள். படகில் பெடலை மிதித்துக்கொண்டிருக்கும்போது அவளுடைய போனில் விளம்பரம் அலறியது.

"இன்னும் இதுலயா இருக்க? என்னோடது என்னாச்சு?"

"வெளிய வந்துட்டேனுங்க. ரொம்ப நாளாச்சு."

அவன் பெடலை நிறுத்திவிட்டான். "ஏன், நான் சேத்து வச்சிருக்கறது நல்லா இல்லையா? இத்தனை வருசமாக் கேட்டுட்டுத்தானே இருந்த."

"காதுல விழுந்துச்சுங்க. நல்லால்லைன்னு சொல்லல. அதெல்லாம் உங்க பாட்டு."

"பாட்டுல என்ன உன்னுது என்னுது?"

அவள் தனியாக மிதித்தாள். ஒரு பக்கம் மட்டும் மிதிபட்டதால் படகு வளைந்து வளைந்து போனது. கரையிலிருந்தவர் நேராக வரும்படி விசில் ஊதினார். வேறு வழியில்லாமல் அவனும் மிதித்தான். பஸ் ஏறும்போதுதான் கேட்டான்.

"சரி, உம்பாட்டு எது? போட்டுக் காட்டு."

"போட முடியாதுங்க. அதுவா வந்தாத்தான்."

பெயரை மட்டும் காட்டினாள். அவன் தன் போனில் படம் பிடித்துக்கொண்டு ஏறினான்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் அழைத்தான். பின்னால் ஸ்டோரில் அதே கரகரத்த குரல் பாடிக்கொண்டிருந்தது.

"நெசமாவே நல்லாருக்குது வளரு. என் லிஸ்ட்ல முதல்ல வச்சுட்டேன். காலையிலேருந்து இதேதான் ஓடுது. பசங்க எல்லாம் என்ன பாசைன்னு கேக்கறாங்க."

வளர்மதிக்குச் சுருக்கென்றது. தான் ரோட்டில் நடந்து நடந்து காத்திருந்து கேட்டதை அவன் விளம்பரமே இல்லாமல் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். சண்டை போடத்தான் வாயெடுத்தாள். ஆனால் அவன் குரலில் அப்படியொரு சந்தோஷம். அவளுக்குப் பிடித்ததை அவன் இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

"கேளுங்க," என்றாள். "அந்த நடுவுல மேளம் மட்டும் வருமே, அதைச் சத்தமா வச்சுக் கேளுங்க."

போனை வைத்ததும் அறைக்குள் இரண்டு தடவை குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். முந்தாநாள் வந்து பாதியில் சிக்னல் அறுந்துபோன பாட்டு ஒன்று இருந்தது, ஒரு கிழவர் பாடியது. அது எப்படி முடிகிறது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.