சைலன்சர்காரியின் கார்

எழிலரசியிடம் மட்டும் "வேணாம்" என்று சொல்லிவிடக் கூடாது. சேரப்பணஞ்சேரியில் அவளைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். "யோசிச்சுப் பாரு" என்றால் யோசிப்பாள், மூன்று நாள்கூட யோசிப்பாள். "வேணாம்" என்ற சொல் காதில் விழுந்தால் அந்த நிமிஷமே முடிவெடுத்துவிடுவாள். கல்யாணமான புதிதில் மாமியார், "பொம்பளைக்கு இன்னாத்துக்குக் கம்பெனி வேலை, வேணாம்" என்றார். மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனி வாசலில் சர்டிபிகேட் கவரோடு நின்றுகொண்டிருந்தாள். இருபத்தோரு வருஷம் ஓடிவிட்டது. இன்னும் அதே கம்பெனிதான்.

அந்தக் கம்பெனியில் செய்வது கார்களுக்கான சைலன்சர். எழிலரசிக்குக் கசிவு பார்க்கிற வேலை. வெல்டிங் முடிந்து வரும் குழாயின் இரண்டு வாயையும் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றுவார்கள். ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் காற்று சீறிக்கொண்டு வெளியே வரும். மெஷினில் பச்சை விளக்கும் சிவப்பு விளக்கும் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பச்சை எரிந்த குழாயிலேயே அவள் ஓட்டை கண்டுபிடித்திருக்கிறாள். எல்லாம் காதால்தான். அதற்காகக் காதடைப்பானைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வாள். பத்தடி தள்ளித் தகடு வளைக்கிற பிரஸ் மெஷின் தரை அதிர இடித்துக்கொண்டிருக்கும். சூப்பர்வைசர்கள் அவள் கழுத்தில் தொங்குவதைப் பார்த்தும் பார்க்காததுபோலப் போவார்கள். கஸ்டமரிடமிருந்து பீஸ் திரும்பி வராமல் இருந்தால் சரி, அவர்களுக்கு வேறென்ன வேண்டும்.

இப்படிப்பட்டவளுக்கு எலக்ட்ரிக் கார் மேல் ஆசை வந்தது என்றால் ஊர் சும்மா இருக்குமா? அவள் புருஷன் டில்லிபாபு வேறு படப்பையில் பெட்ரோல் பங்கில் கேஷியர். "பொண்டாட்டி சைலன்சர், புருஷன் பெட்ரோல், வாங்கப்போறது கரண்டு வண்டியா? நல்லா கீது உங்க குடும்பம்" என்று ஷிப்ட் பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் கேலி. எழிலரசி அதையெல்லாம் சட்டை செய்யவில்லை. எட்டு மணி நேரம் இரைச்சலில் நின்றுவிட்டு, ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு மேலே கீழே எல்லாம் கடகடக்கிற பஸ்ஸில் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார அவளுக்கு இனிமேல் தெம்பில்லை. சத்தமில்லாத ஒரு இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டும். அது தன்னுடையதாக இருக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

வீட்டில் பேச்சு நடந்தது. பணம் ஒரு பிரச்சினை இல்லை, அதை இருவரும் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். டில்லிபாபுவின் பயம் வேறு.

"மழைல முடிச்சூர் பக்கம் இடுப்பளவு தண்ணி நிக்குது. கரண்டு வண்டிய வுட்டுகினு போய் நடுவுல நின்னா?"

"இடுப்பளவு தண்ணில உங்க பெட்ரோல் வண்டி மட்டும் நீச்சலடிக்குமா?"

"சரி, ஒரு சார்ஜுக்கு எவ்ளோ தூரம் போகும்?"

"வூட்ல இருந்து கம்பெனி. கம்பெனில இருந்து வூடு. அப்பப்ப நம்ம பாப்பாவ தாம்பரத்துல காலேஜாண்ட இறக்கி வுடணும். நாம இன்னா காசிக்கா போறோம்?"

டில்லிபாபு சிரித்துவிட்டான். எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து வாசலில் ஒரு பிளக் பாயின்ட் போட எவ்வளவு வயர் வேண்டும் என்று அவனே அளந்தும் பார்த்தான். ஆக, வீட்டில் தடை இல்லை. தடை கேன்டீனில் வந்தது.

கம்பெனியில் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை சம்பளப் பேச்சுவார்த்தை நடக்கும். தொழிலாளர் பக்கம் ஐந்து பேர் கமிட்டி. அதில் எழிலரசி ஒருத்தி, பெண் என்று பார்த்தால் அவள் மட்டும்தான். தலைவர் சீனிவாசன், பிரஸ் மெஷினில் இருபத்தைந்து வருஷம் நின்றவர், நல்ல மனுஷர். அவர் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"எழிலு, கார் வாங்கப் போறியாமே. அதுவும் எலக்ட்ரிக்."

"ஆமாண்ணா. பாத்துகினு கீறேன்."

"அடுத்த மாசம் பேச்சுவார்த்தை. ஹெச்.ஆர். இன்னா சொல்லப் போறான்னு உனக்கே தெரியும். எலக்ட்ரிக் வண்டி வந்துட்டுது, சைலன்சருக்கு ஆர்டர் கொறையுது, அதனால சம்பளம் ஏத்த முடியாதுன்னு சொல்லுவான். நாம இல்லன்னு வாதாடணும். அந்த நேரத்துல நீயே போய் அந்த வண்டிய வாங்கினு வந்து நின்னா? போன வருஷம் மூணாவது லைன நிறுத்தி முப்பது பேர அனுப்பினாங்கோ. மறந்துட்டியா?"

"மறக்கலண்ணா."

"அப்ப வேணாம். இல்லன்னா கமிட்டில இருந்து விலகிக்க. ரெண்டுல ஒண்ணு."

வழக்கமான எழிலரசியாக இருந்தால் அன்றைக்கே ஷோரூமுக்குப் போயிருப்பாள். போகவில்லை. கோபம் வந்தது, தலைக்கு ஏறியது. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த முப்பது பேரில் பாதிப் பேருக்கு வேலை கற்றுக்கொடுத்தவள் அவள். சின்னச் சின்னப் பிள்ளைகள், போகும்போது "வரேன்க்கா" என்று வரிசையாக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். தன் ஆசைக்காக இன்னும் நான்கு பேர் வயிற்றில் அடிப்பதா? ஒரு வாரம் முழுக்க அவள் காரைப் பற்றி வாயே திறக்கவில்லை.

டில்லிபாபுவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, "வாங்கறோமோ இல்லையோ, சும்மா ஒரு தபா ஓட்டிப் பாத்துட்டு வரலாம், கெளம்பு" என்றான். மறைமலை நகரில் ஷோரூம். சுபாஷ் என்று ஒரு விற்பனைப் பிரதிநிதி, கழுத்தில் டை கட்டிய பையன், அவளை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தான். எழிலரசி பட்டனை அழுத்தினாள். ஒரு சத்தமும் இல்லை. ஸ்டார்ட் ஆகவில்லை என்று நினைத்து மறுபடியும் அழுத்தினாள். வண்டி அணைந்தது. மூன்றாவது தடவை அழுத்தும்போது சுபாஷ் பதமாகச் சொன்னான்: "மேடம், ஆன்லதான் இருக்கு. சத்தத்த எதிர்பாக்காதீங்க." இருபத்தோரு வருஷம் சைலன்சருக்குக் காதைக் கொடுத்தவளுக்கு இது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஜி.எஸ்.டி. ரோடை விட்டு உள்ளே ஒரு புது நகர் மனைப் பிரிவு. ஆள் நடமாட்டம் இல்லை. ஓரமாக நிறுத்தினாள். நான்கு கண்ணாடியும் ஏற்றியிருந்தது. அப்போதுதான் அவளுக்கு அது கேட்டது. மெல்லிசாக, விடாமல், கொய்ங் என்று ஒரு சத்தம்.

"தம்பி, எங்கயோ காத்து லீக் ஆவுது."

சுபாஷ் திடுக்கிட்டான். "இல்லியே மேடம்."

"ஆவுதுப்பா. எனக்கா தெரியாது?"

இறங்கினாள். பானெட்டைத் திறக்கச் சொன்னாள். கேட்கவில்லை. டயர் பக்கம் மண்டியிட்டுக் காதை வைத்துப் பார்த்தாள். தூரத்தில் லாரிகள் போகிற சத்தத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. மறுபடியும் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். மறுபடியும் கொய்ங். டில்லிபாபு தனக்கு ஒன்றுமே கேட்கவில்லை என்று சத்தியம் செய்தான். ஏ.சி.யை நிறுத்தச் சொன்னாள். பிறகு வண்டியையே முழுசாக அணைக்கச் சொன்னாள். சுபாஷ் அணைத்தான்.

சத்தம் நிற்கவில்லை.

எழிலரசி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். இந்தச் சத்தம் அவளுக்குப் புதிது இல்லை. வீட்டில் படுத்திருக்கும்போது கேட்டதுண்டு, ஃபேன் என்று நினைத்திருந்தாள். கரண்ட் போன நேரத்தில் கேட்டதுண்டு, கொசு என்று நினைத்திருந்தாள். மற்ற நேரமெல்லாம் மிக்ஸி, டிவி, பஸ், பிரஸ் மெஷின். இவ்வளவு அமைதியான ஒரு இடத்தில் அவள் இதுவரைக்கும் உட்கார்ந்ததே இல்லை. வருஷா வருஷம் கம்பெனிக்கு மெடிக்கல் வேன் வரும். காதுச் சோதனை என்றால், அதில் இருக்கிற ஆள் எதிரில் நின்று "பேர் இன்னாம்மா?" என்று கேட்பான். பேரைச் சொன்னால் காது நார்மல் என்று எழுதிக்கொள்வான். இருபத்தோரு தடவை அவள் அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். தன் ஓட்டையைத் தானே பாஸ் பண்ணி அனுப்பியிருக்கிறாள். அழுகை வரும் என்று டில்லிபாபு பயந்தான். அவளுக்கு அழுகை வரவில்லை.

"இந்த வண்டியையே புக் பண்ணிடுப்பா" என்றாள் சுபாஷிடம்.

வழியில் டில்லிபாபு மெதுவாகக் கேட்டான். "அப்ப கமிட்டி?"

"அதுவும்தான். ரெண்டுல ஒண்ணுன்னு எவன் சொன்னாலும் எனக்கு ரெண்டும் வேணும்."

வண்டி வந்தது. வல்லக்கோட்டை முருகன் கோயில் வாசலில் பூசை போட்டு, நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள். பேச்சுவார்த்தை தொடங்கும் நாள் காலை, எழிலரசி மற்ற எல்லோரையும்போல ஷிப்ட் பஸ்ஸில் வந்திருக்கலாம். காரை வீட்டில் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. காரில்தான் போனாள்.

கேட்டில் செக்யூரிட்டி தாவீது கையைக் காட்டி நிறுத்தினான். "யக்கா, உள்ள வுடக் கூடாது. லைன் ஆளுங்களுக்கு டூ வீலர் ஷெட்தான். கார் பார்க்கிங் ஸ்டாஃபுக்கு."

"எந்த ரூல்ல எழுதி கீது?"

தாவீது தலையைச் சொறிந்தான். "ரூல்னு இல்லக்கா. லைன்ல இருந்து இதுவரைக்கும் யாரும் கார்ல வந்ததில்ல."

"இப்ப வந்துட்டாங்க. கேட்டத் தொற." இந்தப் பெண்பிள்ளையோடு மல்லுக்கு நிற்க அவனுக்கு என்ன தலையெழுத்தா? திறந்துவிட்டான்.

ஹெச்.ஆர். மேனேஜர் சங்கரநாராயணன் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தார். அவர் மேல் சட்டை கசங்கி யாரும் பார்த்ததில்லை. காரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அதே நேரம் டூ வீலர் ஷெட்டிலிருந்து சீனிவாசன் வேக வேகமாக வந்தார், அவர் முகம் கடுத்திருந்தது.

"பாத்தீங்களா சீனிவாசன்" என்றார் சங்கரநாராயணன். "உங்க கமிட்டி மெம்பரே சைலன்சர் இல்லாத வண்டி வாங்கிட்டாங்க. இதுக்கப்புறம் ஆர்டர் குறையலன்னு எப்படி வாதாடுவீங்க?"

சீனிவாசன் எழிலரசியைப் பார்த்த பார்வையில் இருபத்தோரு வருஷப் பழக்கம் அறுந்து தொங்கியது. "சொன்னேனே எழிலு. கேட்டியா?" என்றார்.

"கேட்டேண்ணா. ரெண்டு பேரும் முதல்ல வண்டில ஏறி உக்காருங்க. அப்புறம் திட்டுங்க." சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தாள். சங்கரநாராயணனுக்குத் தானும் இப்படி ஒன்று வாங்கலாமா என்று கொஞ்ச நாளாக யோசனை. சந்தோஷமாக முன்னால் ஏறினார். சீனிவாசன் மாட்டேன் என்றார். எழிலரசி அவர் கையைப் பிடித்துப் பின்னால் உட்கார வைத்தாள். அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள். வெளியே ஃபாக்டரி சத்தம் சட்டென்று அறுந்தது. பட்டனை அவள் தொடவில்லை.

"அருமை" என்றார் சங்கரநாராயணன். "கொஞ்சங்கூடச் சத்தமே இல்ல. கோயில் கர்ப்பக்கிரகம் மாதிரி இருக்கு."

பின்னாலிருந்து சீனிவாசன் முன்னால் குனிந்தார். கோபத்தை ஒரு நிமிஷம் மறந்துவிட்டுத் தொழில்காரராகப் பேசினார். "புது வண்டியா எழிலு? மோட்டார்ல ஏதோ பிராப்ளம் கீது. கொய்ங்னு வருது பாரு. திருப்பிக் குடுத்துடு."

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே" என்றார் சங்கரநாராயணன்.

"நல்லா கேக்குது சார். விடாம வருது."

எழிலரசி திரும்பி அவரைப் பார்த்தாள். "அண்ணா, வண்டி ஆஃப்ல கீது. நான் ஆன் பண்ணவே இல்ல."

சீனிவாசனுக்குப் புரியவில்லை. டேஷ்போர்டைப் பார்த்தார். இருட்டாக இருந்தது. காதைப் பொத்திப் பார்த்தார். பொத்தியபோது சத்தம் இன்னும் கூடியது. கையை எடுத்தபோது அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

"அப்ப இது இன்னா சத்தம்?"

"நம்ம பிரஸ் ஷாப் சத்தம்ணா. தினமும் காதுக்குள்ள வெச்சு வூட்டுக்கு எடுத்துகினு போறோம். இதுல உக்காந்தாதான் தெரியுது."

சங்கரநாராயணன் இறங்கப் பார்த்தார். புது வண்டி, கதவுப் பிடி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. கதவை இங்கும் அங்கும் தடவினார். எழிலரசி காட்டிக்கொடுக்கவில்லை.

"இருங்க சார். சம்பளம் அப்புறம் பேசிக்கலாம். பிரஸ் ஷாப்ல இன்னும் நாப்பது பேர் கீறாங்கோ. ஒவ்வொருத்தரா வந்து இங்க உக்காரட்டும். யாருக்கு இன்னா கேக்குதுன்னு நீங்களே பக்கத்துல உக்காந்து எழுதிக்கங்க."